எமீலியாவின் வசனத்தில் கை வைக்காதீர்கள்

ஒதெல்லோவை மேடையேற்றும் தமிழ் நாடகக் குழுக்களுக்கும், போட்டிக்கும் ஆண்டு விழாவுக்கும் அதைத் தேர்ந்தெடுக்கும் கல்லூரி நாடக மன்றங்களுக்கும்,

வணக்கம்.

இயாகோவின் பேச்சையும் ஒரு கைக்குட்டையையும் நம்பி, தன் மனைவி டெஸ்டிமோனா துரோகம் செய்துவிட்டாள் என்று ஒதெல்லோ அவளைக் கொல்லும் கதை இது. ஷேக்ஸ்பியரின் இந்த நாடகத்தை முழுசாகப் போட்டால் மூன்று மணி நேரத்தைத் தாண்டும் என்பது எனக்கும் தெரியும். அரங்க வாடகை ஏறிக்கொண்டே போகும். பார்க்க வருகிறவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வேலை முடிந்து ஒத்திகைக்கு ஓடி வரும் நடிகர்களுக்கு அத்தனை வசனத்தையும் மனப்பாடம் செய்ய நேரம் கிடையாது. ஆக, வெட்டத்தான் வேண்டும். அதில் எனக்குப் புகார் இல்லை. எதை வெட்டுகிறீர்கள் என்பதில்தான் புகார்.

அண்மையில் பார்த்த ஒரு மேடையேற்றத்தைச் சொல்கிறேன்; குழுவின் பெயர் வேண்டாம். ஒதெல்லோவாக நடித்தவர் பிரமாதம். இயாகோ அவரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். ஆனால் எமீலியா? கீழே கிடந்த கைக்குட்டையை எடுத்தாள், கணவன் கையில் கொடுத்தாள், உள்ளே போனாள். அப்புறம் நெடுநேரம் ஆளையே காணோம். கடைசிக் காட்சியில் திடீரென்று ஓடி வந்து கத்தினாள், கத்திக்குத்து வாங்கி விழுந்தாள். பக்கத்து இருக்கைக்காரர் என்னிடம் குனிந்து, "இந்தம்மா யாருங்க?" என்று கேட்டார். அவர் தூங்கவில்லை, கவனமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இயாகோவின் மனைவி, டெஸ்டிமோனாவின் தோழி என்று சொன்னேன். "ஓஹோ" என்றார். அவ்வளவுதான், விளக்கு அணைந்துவிட்டது.

துரோகக் கதை என்றால் நம் கண் துரோகியின் மேல்தான் போகும். இயாகோவுக்குக் கிடைக்கும் கைதட்டலில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் குற்ற உணர்ச்சி என்று ஒன்று இருக்கிறதே, அது இந்த நாடகத்தில் யாரிடம் இருக்கிறது என்று பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு தேடிப் பாருங்கள். இயாகோவிடம் அதன் நிழல்கூடக் கிடையாது. பிடிபட்ட பிறகும், "என்னை எதுவும் கேட்காதீர்கள், உங்களுக்குத் தெரிந்தது தெரிந்ததுதான், இனி ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்று வாயை மூடிக்கொள்கிறான். ஒதெல்லோவுக்கு இருக்கிறது. பிசாசுகளே என்னைச் சாட்டையால் அடியுங்கள் என்று அலறும் இடம் பொய் இல்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் அந்த அலறல் அடங்கி, அரசுக்குத் தான் செய்த சேவை, தன்னைப் பற்றிக் கடிதத்தில் எப்படி எழுத வேண்டும் என்று பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. கவிஞரும் விமர்சகருமான டி. எஸ். எலியட் 1927-ல் ஒரு கட்டுரையில் இதைப் பிடித்துக்கொண்டார்: ஒதெல்லோ அங்கே தன்னைத்தானே தேற்றிக்கொள்கிறான் என்றார். எனக்கு அதில் பாதி ஒப்புதல். எது எப்படியோ, ஒதெல்லோவின் குற்ற உணர்ச்சி எல்லாம் முடிந்த பிறகு வருவது. இனிச் செய்வதற்கு எதுவும் மிச்சமில்லாத நேரத்தில் வருவது.

எமீலியாவின் கதை அப்படி இல்லை. மூன்றாம் அங்கத்திலிருந்து ஐந்தாம் அங்கம் வரை, ஒரே ஒரு வாக்கியத்தால் அந்தக் கொலையைத் தடுத்திருக்கக்கூடிய ஆள் அவள் ஒருத்திதான். "கைக்குட்டையை நான்தான் எடுத்து என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன்." இவ்வளவு போதும். அந்த வாக்கியம் அவள் வாய்க்குள்ளேயே இருக்கிறது. பார்வையாளருக்கு அது தெரியும். அதுதான் இந்த நாடகத்தின் மூச்சை முட்ட வைக்கும் விஷயம். அவளை வெட்டினால் மிஞ்சுவது ஒரு கெட்டவன், ஒரு ஏமாளி, ஒரு பாவப்பட்ட பெண். அது மெலோடிராமா.

சரி, காட்சி காட்சியாகவே வருகிறேன்.

மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சி. தலை வலிக்கிறது என்கிறான் ஒதெல்லோ. டெஸ்டிமோனா தன் கைக்குட்டையால் அவன் நெற்றியைக் கட்டப் போகிறாள். "இது ரொம்பச் சின்னது, விடு" என்று தள்ளிவிடுகிறான். கைக்குட்டை விழுகிறது, இருவரும் உள்ளே போகிறார்கள். அதாவது, பின்னால் எந்தத் துணிக்காக ஒரு உயிரை எடுக்கப்போகிறானோ, அதை முதலில் தட்டிவிட்டதே அவன்தான். எமீலியா எடுக்கிறாள். இதைத் திருடிக் கொடு என்று கணவன் நூறு தடவை கேட்டிருக்கிறான் என்கிறாள். இதன் பூவேலையை வேறொரு துணியில் எடுத்துத் தருகிறேன் என்று முதலில் நினைக்கிறாள். அதற்குள் இயாகோ வந்துவிடுகிறான். "இதற்கு என்ன தருவாய்?" என்று விளையாட்டாகக் கேட்கிறாள். அவன் எதுவும் தரவில்லை. வாங்கிய பிறகு அவள் மனசு லேசாகப் பின்வாங்குகிறது: முக்கியமான காரியத்துக்கு இல்லையென்றால் திருப்பிக் கொடு, பாவம், காணோம் என்றால் அந்த அம்மா பைத்தியமாகிவிடுவாள். அவன், "உனக்கு எதுவும் தெரியாது என்று இரு, போ" என்று அனுப்பிவிடுகிறான்.

இந்த இடத்தை நொடிகளில் முடித்துவிடுகிறீர்கள். வேண்டாம். அவள் கை நீட்டி, பிறகு தயங்கி, திருப்பிக் கேட்டு, தோற்றுப்போவது மேடையில் தெரிய வேண்டும். கைக்குட்டையும் தெரிய வேண்டும். ஸ்ட்ராபெரிப் பழம் தைத்தது என்று பிரதியிலேயே இருக்கிறது. கடைசி வரிசைக்குத் தெரியாத வெள்ளைக் கர்ச்சீஃபைப் பாக்கெட்டிலிருந்து உருவிக் காட்டினால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

அடுத்த காட்சிதான் எனக்கு முக்கியம். "எமீலியா, அந்தக் கைக்குட்டையை எங்கே தொலைத்திருப்பேன்?" என்று டெஸ்டிமோனா கேட்கிறாள். "எனக்குத் தெரியாது, அம்மா" என்கிறாள் எமீலியா. நாடகத்தில் இயாகோ சொல்லும் பொய்களுக்குக் கணக்கே இல்லை. அவை எல்லாவற்றையும்விட இந்தச் சின்னப் பொய் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. நல்லவள் சொல்லும் பொய். ஏதோ அற்ப விஷயம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துச் சொல்வது. உடனே ஒதெல்லோ வருகிறான். ஓர் எகிப்திய மந்திரக்காரி தன் தாய்க்குக் கொடுத்தது அது, இருநூறு வயதுக் கிழவி தைத்தது, தொலைந்தால் சர்வநாசம் என்கிறான். (கடைசிக் காட்சியில் அதே துணியை, என் அப்பா அம்மாவுக்குக் கொடுத்தது என்பான். எது நிஜம் என்று ஷேக்ஸ்பியர் சொல்வதில்லை.) "கைக்குட்டை! கைக்குட்டை!" என்று திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு வெளியேறுகிறான்.

இத்தனையும் நடக்கும்போது எமீலியா மேடையில்தான் நிற்கிறாள். அவள் உள்ளே போனதாகப் பிரதியில் குறிப்பு இல்லை, ஒதெல்லோ போன உடனே, "இவருக்குப் பொறாமை இல்லையா?" என்று கேட்பதும் அவள்தான். ஆனால் இயக்குநர்கள் பலருக்கு, வசனம் இல்லாத நடிகை மேடையில் நிற்பது சங்கடமாக இருக்கிறது. ஏதாவது தட்டைக் கையில் கொடுத்து அவளை உள்ளே அனுப்பிவிடுகிறார்கள். அனுப்பாதீர்கள். வெளிச்சம் ஒதெல்லோ மேல் இருக்கட்டும், பரவாயில்லை. ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருக்கும் அவள் முகம் கொஞ்சமாவது தெரியட்டும். பேச வாய்ப்பு வந்தும் பேசாமல் நிற்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் குற்ற உணர்ச்சி விதை போடுகிறது.

இதெல்லாம் நான் ஏற்றிச் சொல்வது இல்லை. ஷேக்ஸ்பியர் யோசித்து வைத்த விஷயம் என்பதற்கு மூலக்கதையே சாட்சி. ஜிரால்டி சிந்தியோ என்ற இத்தாலியர் 1565-ல் வெளியிட்ட கதைத் தொகுதியில் இருந்துதான் இந்தக் கதை வந்தது. அதில் கைக்குட்டையைத் திருடுவது வில்லனே. தன் மூன்று வயது மகளை டெஸ்டிமோனா ஆசையாகத் தூக்கிக் கொஞ்சும்போது இடுப்பிலிருந்து உருவிக்கொள்கிறான். அவன் மனைவிக்குத் திட்டம் முழுவதும் தெரியும். உடன்படவில்லை, ஆனால் புருஷன் மேலுள்ள பயத்தில் வாயைத் திறக்கவில்லை. ஷேக்ஸ்பியர் இரண்டையும் புரட்டிப் போட்டார். மனைவிக்குத் திட்டம் தெரியாது, ஆனால் கைக்குட்டையை எடுத்துக் கொடுப்பது அவள்தான். தெரிந்தும் பயந்து ஒதுங்கி நின்றவளை, தெரியாமல் கை கொடுத்தவளாக மாற்றினார். அவளுக்கு ஒரு தப்பைக் கொடுத்தார்.

இந்தத் தப்பு பின்னால் வந்தவர்களுக்குச் சங்கடமாக இருந்திருக்கிறது போல. 1887-ல் இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் ஒட்டெல்லோ என்ற ஆப்பெரா, அதாவது இசை நாடகம், மிலானில் அரங்கேறியது. அதில் இயாகோ மனைவியின் கையிலிருந்து கைக்குட்டையைப் பலவந்தமாகப் பிடுங்குகிறான். அவள் மேல் பழி இல்லை. கடைசியில் அவள் சாவதும் இல்லை. இசை அற்புதம், மறுக்க மாட்டேன். ஆனால் எமீலியா அங்கே வெறும் சாட்சி. 2006-ல் இதே கதையை வைத்து இந்தியில் வந்த ஓம்காரா படத்தில் நேர் எதிர்த் திசையில் போனார்கள்: அந்தப் பாத்திரம் கணவனைத் தானே வெட்டிச் சாய்க்கிறாள். தியேட்டரில் அதற்கு விசில் பறந்திருக்கும். ஷேக்ஸ்பியரின் எமீலியாவுக்குக் கையில் ஆயுதம் இல்லை, வாய் மட்டும்தான். அதையும் நேரம் தாழ்த்தித் திறக்கிறாள்.

நான்காம் அங்கத்தின் இரண்டாம் காட்சியில் அவள் உண்மைக்கு மிக அருகில் வந்துவிடுகிறாள். எவனோ ஒரு பசப்புக்காரன், பதவிக்காக இந்தப் பழியைக் கிளப்பியிருக்கிறான், இல்லையென்றால் என்னைத் தூக்கில் போடுங்கள் என்கிறாள், அந்தப் பசப்புக்காரனை எதிரில் வைத்துக்கொண்டே. "அப்படி ஒரு ஆள் இருக்கவே முடியாது" என்கிறான் இயாகோ. சிரிப்பு வரலாம், வரட்டும்.

இனி, நீங்கள் எல்லோரும் தூக்கி எறியும் மூன்றாம் காட்சி. படுக்கையறை, இரண்டு பெண்கள் மட்டும், வெளியே நடமாட்டம் இல்லை. உன்னை அனுப்பிவிடச் சொல்லியிருக்கிறார் என்கிறாள் டெஸ்டிமோனா. கல்யாணத்தன்று விரித்த விரிப்புகளைக் கட்டிலில் விரித்தாயிற்று. நான் உனக்கு முன்னால் செத்தால் அதிலேயே என்னைச் சுற்று என்கிறாள். எமீலியா அவள் உடையின் ஊசிகளைக் கழற்றுகிறாள். அம்மா வீட்டு வேலைக்காரப் பெண் பார்பரி, காதலன் கைவிட்டதும் பாடிக்கொண்டே செத்துப்போன வில்லோ மரப் பாட்டு டெஸ்டிமோனாவுக்கு நினைவு வருகிறது. பாடுகிறாள்.

இந்தக் காட்சி முழுவதிலும் "கைக்குட்டை" என்ற சொல் ஒரு தடவைகூட வருவதில்லை. வேறு எந்த நேரத்தைவிடவும் எமீலியா உண்மையைச் சொல்லத் தோதான நேரம் இது. ஊசியைக் கழற்றும் கை டெஸ்டிமோனாவின் மேலேயே இருக்கிறது. ஆனால் வெனிஸிலிருந்து வந்திருக்கும் லோடோவிகோ அழகன் என்று டெஸ்டிமோனா சொன்னால், எமீலியாவோ, ஆமாம், அவன் உதட்டுக்காக வெனிஸிலிருந்து பாலஸ்தீனம் வரை வெறுங்காலோடு நடக்கத் தயாராக இருந்த ஒருத்தியை எனக்குத் தெரியும் என்று வம்பளக்கிறாள். உலகத்தையே கொடுத்தாலும் புருஷனுக்குத் துரோகம் செய்யும் பெண்கள் உண்டா என்று டெஸ்டிமோனா கேட்கிறாள். மோதிரத்துக்கோ, சில கஜம் துணிக்கோ, கவுனுக்கோ, தொப்பிக்கோ நான் செய்ய மாட்டேன் என்கிறாள் எமீலியா. உலகம் என்றால் பெரிய விலை ஆயிற்றே, சின்னத் தப்புக்கு அது கொள்ளை லாபம் என்கிறாள். பார்வையாளருக்கு இங்கே முதுகு சில்லிட வேண்டும். ஏற்கெனவே அவள் ஒரு சின்னத் தப்பைச் செய்துவிட்டாள். மோதிரம், துணி, தொப்பி எதுவும் வாங்கவில்லை. புருஷன் முகம் கொஞ்சம் மலரட்டும் என்று செய்தாள், அதுவும் மலரவில்லை.

பிறகு வருவது மனைவிகளின் தப்புக்குக் கணவன்மார்களே காரணம் என்ற அந்தப் பேச்சு. மனைவிக்கும் புருஷனைப் போலக் கண் உண்டு, மூக்கு உண்டு, இனிப்பும் புளிப்பும் தெரியும் நாக்கு உண்டு. இதைப் பெண்ணியப் பேச்சு என்று தனியாக எடுத்துப் பட்டிமன்றத்தில் வாசிக்கிறார்கள். வாசிக்கட்டும். ஆனால் காட்சிக்குள் வைத்துக் கேட்டால் வேறு ஒன்றும் கேட்கிறது: தன் புருஷனைப் பற்றி மனசுக்குள் எழும் சந்தேகத்தை, பொதுவாக ஆண்களைப் பற்றிய பேச்சாக மாற்றி வெளியே விடுகிறாள்.

உங்களுக்கு முன்னாலும் இந்தக் காட்சியில் கத்தரி பட்டிருக்கிறது. 1622-ல் அச்சான குவார்ட்டோ என்ற சிறு அளவுத் தனிப் பதிப்பில் வில்லோ பாட்டு இல்லை, எமீலியாவின் அந்தப் பேச்சும் இல்லை. 1623-ல் வந்த ஃபோலியோ என்ற பெரிய தொகுப்பில் இரண்டும் இருக்கின்றன. குவார்ட்டோவில் இல்லாத சுமார் 160 வரிகள் அதில் உண்டு. பெண் வேடம் போட்ட பையனுக்குக் குரல் உடைந்து பாட முடியாமல் போனதால் பாட்டை எடுத்திருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். அவர்களுக்காவது ஒரு காரணம் இருந்திருக்கலாம். உங்களிடம் பாடத் தெரிந்த நடிகை இருக்கிறார்.

இன்னொன்று, இதில் கணக்கும் உதைக்கிறது. கடைசிக் காட்சியில் எமீலியா சாகும்போது, "உன் பாட்டு எதைச் சொன்னது, அம்மா?" என்று கேட்டுவிட்டு, "வில்லோ, வில்லோ, வில்லோ" என்று பாடிக்கொண்டே சாகிறாள். முன்னால் பாட்டை வெட்டிவிட்டு இந்த வரியை மட்டும் வைத்தால் என்ன பாட்டு என்று யாருக்குத் தெரியும்? நான் சொன்ன மேடையேற்றத்தில் வைத்திருந்தார்கள். பக்கத்து இருக்கைக்காரர் மறுபடி என்னைப் பார்த்தார்.

அந்தக் கடைசிக் காட்சிக்கு வருவோம். நம்மில் பலருக்கு ஒதெல்லோ என்றாலே 1963-ல் வந்த இரத்தத் திலகத்தில் சிவாஜியும் சாவித்திரியும் நடித்த நாடகக் காட்சிதான் கண் முன்னால் வரும். அதனால்தானோ என்னவோ, டெஸ்டிமோனாவின் சாவோடு உச்சம் முடிந்தது, மீதியெல்லாம் கதையைக் கட்டி முடிக்கும் வேலை என்று நம் குழுக்கள் நினைக்கின்றன. கதவைத் தட்டிக்கொண்டு எமீலியா உள்ளே வரும்போதுதான் இன்னொரு நாடகமே ஆரம்பமாகிறது. "எல்லாம் உன் புருஷனுக்குத் தெரியும்" என்கிறான் ஒதெல்லோ. "என் புருஷனா?" என்கிறாள். மறுபடி, "என் புருஷனா?" மறுபடியும். எரிச்சலில், ஏன் சொன்னதையே சொல்கிறாய் என்று கத்துகிறான் அவன். ஒத்திகையில் இதை ஒரே ஒரு தடவையாகக் குறைத்துவிடுகிறீர்கள். குறைக்காதீர்கள். முதல் தடவை அது கேள்வி. கடைசித் தடவை அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது.

கொஞ்சம் கழித்து, "அயோக்கியத்தனம், அயோக்கியத்தனம்" என்று புலம்பும்போது இடையில் ஒன்று சொல்கிறாள்: "அப்போதே நினைத்தேன்." எப்போது? கைக்குட்டையைக் கொடுத்தபோதா, பழி கிளப்பிய பசப்புக்காரனைப் பற்றிப் பேசியபோதா? பிரதி சொல்வதில்லை. உங்கள் நடிகை முடிவு செய்யட்டும், இயக்குநர்கூடச் சொல்ல வேண்டாம். அடுத்த மூச்சில், துக்கத்தில் செத்துப்போவேன் என்கிறாள். ஆண்கள் வாளோடு சுற்றி நிற்கிறார்கள். வீட்டுக்குப் போ என்று இயாகோ கட்டளை போடுகிறான். புருஷன் சொல்லுக்குக் கட்டுப்படுவது முறைதான், ஆனால் இப்போது முடியாது. ஒருவேளை இனி நான் வீட்டுக்கே வர மாட்டேன் என்கிறாள். நம் ஊர் அரங்கில் இந்த வசனம் எப்படி விழும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பிறகு உண்மையைச் சொல்கிறாள். தற்செயலாகக் கண்டெடுத்தேன், புருஷனிடம் கொடுத்தேன், திருடித் தா என்று கெஞ்சிக்கொண்டே இருந்தான். கவனியுங்கள், இங்கேயும் ஒன்றை அவள் சொல்வதில்லை. "எங்கே தொலைத்தேன்?" என்று டெஸ்டிமோனா கேட்டபோது "தெரியாது" என்று பொய் சொன்னதை யாரிடமும் ஒப்புக்கொள்வதில்லை. கேட்டவள் கட்டிலில் பிணமாகக் கிடக்கிறாள். குத்துப்பட்டதும், என்னை என் எஜமானியம்மாவின் பக்கத்தில் கிடத்துங்கள் என்று மட்டும் கேட்கிறாள். நடிகையின் கண் அப்போது எங்கே இருக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

கைக்குட்டைக்காக ஒரு கொலையா என்று 1693-லேயே ஆங்கில விமர்சகர் தாமஸ் ரைமர் கிண்டல் செய்தார். நல்ல மனைவிமார்கள் தங்கள் துணிமணியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இதன் நீதி என்றார். எமீலியாவை வெட்டிய மேடையேற்றத்தைப் பார்த்தால் அந்த மனிதர் சொன்னது சரிதான் என்று தோன்றிவிடும்.

நேரத்துக்கு என்ன செய்வது என்கிறீர்களா? முதல் அங்கத்தில் துருக்கியக் கப்பல்கள் 107 என்று ஒருவர், 140 என்று ஒருவர், 200 என்று ஒருவர் சண்டை போடும் இடத்தை எடுங்கள். எனக்குப் பிடித்த இடம், இருந்தாலும் எடுங்கள். மூன்றாம் அங்கத்தில் வரும் கோமாளியை இரண்டு இடத்திலும் எடுங்கள், யாரும் தேட மாட்டார்கள். வெற்றி விழா அறிவிப்பு, கோட்டையைப் பார்வையிடும் குட்டிக் காட்சி, இரண்டும் வேண்டாம். டெஸ்டிமோனா மேல் ஆசைப்பட்டு இயாகோவிடம் ஏமாறும் ரொடெரிகோவின் புலம்பலைப் பாதியாக்குங்கள். இயாகோவின் தனிமொழிகளிலும் கொஞ்சம் கழிக்கலாம். நடிப்பவர் கோபிப்பார், சமாதானம் செய்துகொள்ளுங்கள்.

அப்புறம், எமீலியாவை யாருக்குக் கொடுப்பது என்று கடைசியில் யோசிக்காதீர்கள். குழுவில் டெஸ்டிமோனா கிடைக்காமல் போனவருக்கு ஆறுதல் பரிசாகப் போகும் வேடம் இது இல்லை. கல்யாணமாகிப் பல வருஷம் ஆன, பேச்சில் கொஞ்சம் காரம் உள்ள பெண்ணாகத் தெரிய வேண்டும். வசனமே இல்லாமல் ஓரமாக நின்று கேட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

இப்படி யாராவது போட்டால் தேதியும் அரங்கும் தெரிவியுங்கள். டிக்கெட் வாங்கித்தான் வருவேன், பாஸ் வேண்டாம்.

அன்புடன்,
பின்வரிசைப் பார்வையாளர் ஒருவர்